முதலிடம் விற்பனைக்கு இல்லை

சிறு தொழில் நடத்துபவர்களின் கைபேசிக்கு அடிக்கடி வரும் அழைப்பு ஒன்று உண்டு. "கூகுளில் உங்கள் கடையை முதல் இடத்தில் கொண்டுவந்து காட்டுகிறோம், மாதம் இவ்வளவுதான் செலவு" என்று அது தொடங்கும். அண்மையில் அதற்குப் புது வால் ஒன்று முளைத்திருக்கிறது: "இனி எல்லாரும் ஏஐயிடம்தான் கேட்பார்கள், அந்தப் பதிலிலும் உங்கள் பெயரை வரவைக்கிறோம்." எஸ்இஓ என்ற பெயரில் நடக்கும் இந்த வியாபாரத்தில் உண்மையான உழைப்பும் இருக்கிறது, வெறும் வாய்ப்பந்தலும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாததால் பணத்தை இழப்பவர்கள் பெரும்பாலும் சின்ன முதலீட்டில் தொழில் செய்பவர்கள்தான்.

எஸ்இஓ என்பது மந்திரம் அல்ல. ஓர் இணையதளத்தைத் தேடுபொறிக்குப் புரியும்படியும், தேடி வருகிறவருக்குப் பயன்படும்படியும் சீர்செய்யும் வேலை, அவ்வளவே. கோவையில் பம்ப்செட் பழுது பார்ப்பவருக்கும், காரைக்குடியில் பலகாரம் செய்து வெளியூருக்கு அனுப்புபவருக்கும், நாகர்கோவிலில் பல் மருத்துவமனை வைத்திருப்பவருக்கும் இன்று வாடிக்கையாளர் வந்து சேரும் முக்கிய வழிகளில் ஒன்று தேடல். அதனால் அந்த வேலைக்கு மதிப்பு உண்டு. அதைச் சுற்றி வளர்ந்திருக்கும் தவறான நம்பிக்கைகளால்தான் இழப்பு.

இது கடைக்காரர்களின் பிரச்சினை மட்டும் என்று ஒதுங்கவும் முடியாது. தேடலின் வரிசையைத் திருகத் தெரிந்தவர் கையில், வங்கியின் உதவி எண்ணைத் தேடும் முதியவரும் சிக்குகிறார். அதைப் பின்னால் பார்ப்போம்.

காசு கொடுத்தால் மேலே வருமா?

பெரிய கோயில்களில் கட்டண வரிசை, பொது வரிசை என்று இரண்டு இருக்கும். கட்டண வரிசைக்கு டிக்கெட் வாங்கலாம். பொது வரிசைக்கு டிக்கெட்டே கிடையாது; அதனால் அதை யாரும் விற்கவும் முடியாது. கூகுளிலும் அப்படித்தான். 'ஸ்பான்சர்டு' என்ற குறியோடு வருபவை கட்டண வரிசை, அதாவது விளம்பரங்கள். பணம் நின்ற அன்றே அவை மறைந்துவிடும். மற்றவை பொது வரிசை. அங்கே பணம் வாங்கிக்கொண்டு யாரையும் முன்னால் நிறுத்துவதில்லை என்றும், விளம்பரம் கொடுப்பதால் பொது வரிசையில் இடம் மாறாது என்றும் கூகுள் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறது. கோபுர வாசலில் நின்று, "உள்ளே எனக்கு ஆள் தெரியும்" என்று காதோரம் சொல்பவரைப் பார்த்திருப்பீர்கள். நமக்குப் போன் செய்து முதலிடம் வாங்கித் தருவதாகச் சொல்பவரும் அவர்தான்.

இதில் இன்னொரு சாமர்த்தியமும் நடக்கிறது. எஸ்இஓ கட்டணம் என்று வாங்கிய பணத்தில் ஒரு சிறு பகுதியை விளம்பரத்துக்குக் கட்டிவிட்டு, "பாருங்கள், உங்கள் கடை மேலே வந்துவிட்டது" என்று காட்டுவார்கள். அந்தச் சின்னக் குறியைக் கவனிக்காதவர் மகிழ்ந்துபோய் அடுத்த மாதப் பணத்தையும் கட்டுவார். கூகுளின் 'பார்ட்னர்' முத்திரையைக் காட்டி நம்பவைப்பவர்களும் உண்டு. அந்த முத்திரை விளம்பரக் கணக்குகளை நிர்வகிக்கும் நிறுவனங்களுக்குத் தரப்படுவது. பொது வரிசையில் இடம் பிடித்துத் தருவதற்கான உரிமம் அல்ல.

உத்தரவாதம் என்னும் தூண்டில்

முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்பது, எஸ்இஓ நிறுவனத்தை நியமிக்க நினைப்பவர்களுக்கென்று கூகுளே எழுதி வைத்திருக்கும் அறிவுரை. உத்தரவாதம் தருபவர்களிடமும், கூகுளோடு தனி உறவு இருப்பதாகச் சொல்பவர்களிடமும், முன்னுரிமைப் பதிவு செய்து தருவதாகச் சொல்பவர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள் என்று அது சொல்கிறது. முன்னுரிமைப் பதிவு என்ற ஒன்றே அங்கே கிடையாது.

அப்படியென்றால் அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் 'ஸ்கிரீன்ஷாட்' பொய்யா? பெரும்பாலும் பொய் இல்லை. அதில்தான் சூட்சுமமே இருக்கிறது.

முதலில், கடையின் பெயரையே தேடிக் காட்டுவார்கள். ஒரு பெயரில் ஒரே கடை இருந்தால், அந்தப் பெயரைத் தேடும்போது அந்தக் கடை முதலில் வருவதற்கு யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. உங்கள் பெயர் தெரிந்தவர் ஏற்கெனவே உங்கள் வாடிக்கையாளர். பெயர் தெரியாமல், "அருகில் இன்வெர்ட்டர் பேட்டரி சர்வீஸ்" என்று தேடுகிறவருக்கு நீங்கள் தெரிகிறீர்களா என்பதுதான் கேள்வி.

அடுத்தது, யாருமே தேடாத தொடர்களில் முதலிடம். நான்கைந்து சொற்களைக் கோத்து, உலகத்தில் எவருக்கும் தேடத் தோன்றாத ஒரு தொடரை உருவாக்கினால், அதில் முதலிடம் வாங்குவது மிக எளிது. போட்டிக்கே ஆள் இல்லாத ஓட்டத்தில் வாங்கிய கோப்பைக்குப் பில் போடுகிறார்கள்.

மூன்றாவதுதான் பலரும் அறியாதது. முதலிடம் என்ற ஒரே ஓர் இடம் உலகத்தில் கிடையாது. உள்ளூர்க் கடைகளை வரிசைப்படுத்தும்போது, தேடலுக்கு எவ்வளவு பொருத்தம், எவ்வளவு தூரம், எந்த அளவுக்கு அறியப்பட்டது என்ற மூன்றையும் பார்ப்பதாகக் கூகுள் சொல்கிறது. தாம்பரத்தில் நின்று 'பல் டாக்டர்' என்று தேடுகிறவருக்கு வரும் பட்டியல், அண்ணா நகரில் நின்று தேடுகிறவருக்கு வராது. உங்கள் கடைக்குள்ளேயே உட்கார்ந்து, உங்கள் போனிலேயே தேடிக் காட்டினால் உங்கள் கடை மேலே வராமல் வேறு எது வரும்?

காலக்கெடுவிலும் இதே கதைதான். ஒரு தளத்தில் செய்யும் திருத்தங்களின் பலன் தெரியப் பொதுவாக நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம் என்று கூகுள் தரப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். "முப்பதே நாளில்" என்று விளம்பரம் செய்பவரிடம், முப்பத்தோராம் நாள் என்ன நடக்கும் என்று கேட்டுப் பார்க்கலாம்.

காலாவதியான வித்தைகள்

பக்கத்தின் பின்னணிக் குறிப்பில் ஐம்பது அறுபது கீவேர்டுகளை அடுக்கி வைத்தால் தேடலில் மேலே வரலாம் என்ற நம்பிக்கை இன்னும் பயிற்சி வகுப்புகளில் உயிரோடு இருக்கிறது. அந்தக் கீவேர்டு குறிப்பை வரிசைப்படுத்துவதற்குப் பயன்படுத்துவதே இல்லை என்று 2009 செப்டம்பரிலேயே கூகுள் அறிவித்துவிட்டது. ஒரே சொல்லை நூறு வார்த்தைக்கு இத்தனை முறை என்று கணக்குப் பார்த்துத் தெளிப்பதும், வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஊர்ப் பெயர்களை ஒளித்து வைப்பதும் அதே காலத்துச் சரக்கு. பின்னது கூகுளின் விதிப்படி மோசடி. பிடிபட்டால் தளம் பின்னுக்குத் தள்ளப்படும்.

இன்னொன்று, நீளமாக எழுதினால் மேலே வரலாம் என்பது. தனக்குப் பிடித்த சொல் எண்ணிக்கை என்று எதுவும் இல்லை என்று கூகுள் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. ஆனாலும் ரசம் வைப்பது எப்படி என்று தேடினால், ரசத்தின் வரலாறு, ரசத்தின் பெருமை, பாட்டி வைத்த ரசம் என்று பாதிப் பக்கம் தாண்டித்தான் புளியைக் கண்ணில் பார்க்கிறோம்.

தமிழ் ஊடகத் தளங்களும் இதில் யோக்கியம் இல்லை. மழை பிடித்துவிட்டால் போதும், "நாளை பள்ளிகளுக்கு விடுமுறையா?" என்ற தலைப்பில் செய்திகள் கொட்டும். உள்ளே போனால், மழை பெய்வதாக ஏழு பத்தி. எட்டாவது பத்தியில், ஆட்சியர் இன்னும் அறிவிக்கவில்லை என்று ஒரு வரி. தேடுகிறவரின் பதற்றத்தை அறுவடை செய்வதைத் தவிர அந்தச் செய்திக்கு வேறு வேலை இல்லை. இத்தகைய, தேடுபொறிக்காக மட்டும் எழுதப்படுபவற்றைக் குறிவைத்துத்தான் 2022 ஆகஸ்டிலும், இன்னும் கடுமையாக 2024 மார்ச்சிலும் கூகுள் தன் முறைகளை மாற்றியது. முழுமையாக வென்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

விலைக்கு வாங்கிய சிபாரிசு

லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மாணவர்களாக இருந்தபோது கண்ட யோசனை எளிமையானது. ஒரு பக்கத்துக்கு வேறு பக்கங்கள் லிங்க் கொடுத்தால் அதை ஒரு சிபாரிசாக எடுத்துக்கொள்ளலாம். மதிப்புள்ள பக்கம் கொடுக்கும் சிபாரிசுக்கு மதிப்பு அதிகம். 1998இல் தொடங்கிய கூகுள் மற்ற தேடுபொறிகளை முந்தியதற்கு இந்த யோசனை முக்கியக் காரணம்.

சிபாரிசுக்கு மதிப்பு வந்தவுடன் அதற்குச் சந்தையும் வந்தது. "மாதம் ஐந்நூறு லிங்க்" என்று எண்ணிக்கைக் கணக்கில் விற்பவர்கள் அந்தச் சந்தையின் வாரிசுகள். கேட்பாரற்ற தளங்களில், சம்பந்தமே இல்லாத கட்டுரைகளுக்கு நடுவே உங்கள் தளத்தின் லிங்க்கைச் செருகிவிடுவார்கள். எண்ணிக்கை சரியாக இருக்கும். பயன் இருக்காது; சில நேரம் கேடும் வரும்.

இதற்குப் பெரிய இடத்து உதாரணம் அமெரிக்காவின் ஜே.சி. பென்னி. ஆடை முதல் படுக்கை விரிப்பு வரை, மாதக்கணக்கில் பல பொருள்களின் தேடலில் அந்த நிறுவனமே முதலில் வந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் ஆயிரக்கணக்கான விலை லிங்க்குகள் இருப்பதை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் வெளிக்கொணர்ந்தது. கூகுள் நடவடிக்கை எடுத்தது. ஒரு குறிப்பிட்ட பெட்டி வகைக்கான தேடலில் முதலிடத்தில் இருந்த அந்தத் தளம் 71ஆவது இடத்துக்குச் சரிந்தது. தங்களுக்கு எதுவும் தெரியாது என்று சொன்ன நிறுவனம், தனக்கு எஸ்இஓ செய்துவந்தவர்களை நீக்கியது.

அதற்கு முன்பே, 2006இல், தேடுபொறிக்கு ஒரு பக்கமும் பார்வையாளருக்கு வேறு பக்கமும் காட்டியதற்காக பிஎம்டபிள்யூவின் ஜெர்மன் தளத்தையே கூகுள் பட்டியலிலிருந்து எடுத்திருந்தது. வேடிக்கை என்னவென்றால், 2012 ஜனவரியில் கூகுள் தன்னுடைய குரோம் பக்கத்தையே 60 நாள்களுக்குப் பின்னுக்குத் தள்ள வேண்டியிருந்தது. பணம் கொடுத்து எழுதவைத்த பதிவுகளின் வழியாக விதி மீறிய லிங்க் ஒன்று அதற்கு வந்திருந்தது.

பெரிய நிறுவனங்கள் வழக்கறிஞர்களையும் வல்லுநர்களையும் வைத்துச் சில நாள்களிலோ வாரங்களிலோ மீண்டுவிடும். நம் பலகாரக் கடைக்காரருக்குத் தன் தளம் ஏன் காணாமல் போனது என்பதே தெரியாது. லிங்க் வாங்கிக் கொடுத்தவர் அதற்குள் எண்ணை மாற்றியிருப்பார்.

கூகுள் சொல்வதெல்லாம் வேதமா?

இவ்வளவு நேரம் கூகுள் சொல்வதையே சாட்சியாக வைத்துப் பேசிவிட்டு இதைக் கேட்காமல் போவது நியாயம் ஆகாது. வேதம் அல்ல.

பார்வையாளர்கள் எதைக் கிளிக் செய்கிறார்கள் என்பது வரிசையைப் பாதிக்குமா என்று கேட்டபோதெல்லாம், பல ஆண்டுகளாக அந்த நிறுவனத்தார் மறுத்தோ மழுப்பியோ வந்தார்கள். கூகுளின் ஏகபோகம் பற்றிய வழக்கில், 2023 அக்டோபரில் வாஷிங்டன் நீதிமன்றத்தில், தேடல் பிரிவின் துணைத் தலைவர் பாண்டு நாயக் சாட்சிக் கூண்டில் ஏறியபோது வேறு சித்திரம் கிடைத்தது. 'நாவ்பூஸ்ட்' என்ற அமைப்பு, 13 மாதக் கிளிக் தரவுகளை வைத்து முடிவுகளை வரிசைப்படுத்த உதவுவது பதிவானது. 2024 மே மாதம் கசிந்த கூகுளின் உள் ஆவணங்களில், தேடலோடு தொடர்புடைய 14,000க்கும் மேற்பட்ட கூறுகள் பட்டியலிடப்பட்டிருந்தன. ஆவணங்கள் உண்மையானவைதான் என்று கூகுள் ஒப்புக்கொண்டது. முழுமையற்றதை வைத்து முடிவுக்கு வராதீர்கள் என்றும் சொன்னது.

அதே வழக்கில், பொதுத் தேடலில் கூகுள் தன் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துக்கொண்டது என்று 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார். கைபேசிகளிலும் பிரவுசர்களிலும் தானே முதல் தேர்வாக இருப்பதற்காக 2021ஆம் ஆண்டில் மட்டும் அந்த நிறுவனம் 2,630 கோடி டாலர் கொடுத்திருந்ததும் விசாரணையில் வெளியானது. பொது வரிசைக்கு டிக்கெட் இல்லை என்பது உண்மை. அந்த வரிசையை நடத்துபவர் தர்மகர்த்தா அல்ல, வியாபாரி என்பதும் உண்மை.

இந்தச் செய்திகளை வைத்தும் ஒரு வியாபாரம் தொடங்கிவிட்டது. "கிளிக்தான் ரகசியம், நாங்கள் ஆள் வைத்துக் கிளிக் செய்கிறோம்" என்கிறார்கள். கிளிக் பயன்படுகிறது என்பதற்கும், கூலிக்குச் செய்யும் கிளிக் பயன்படும் என்பதற்கும் வெகு தூரம். போலிக் கிளிக்குகளைப் பிரித்தெடுப்பதில் இருபது ஆண்டுகளுக்கும் மேலான பழக்கம் கூகுளுக்கு உண்டு. அதன் விளம்பர வருமானமே அந்தத் திறமையின் மேல்தான் நிற்கிறது.

தமிழில் தேடினால்

தமிழ்த் தளங்களைப் பொறுத்தவரை, பெரும்பாலான எஸ்இஓ வகுப்புகள் தொடாத ஒரு பழைய நோய் இருக்கிறது. யூனிகோடு பரவுவதற்கு முன், ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வோர் எழுத்துருவில் தட்டச்சு செய்தது. திரையில் தெரிந்தது தமிழ்; உள்ளே கணினி கண்டது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். அந்தப் பக்கங்களைத் தேடுபொறியால் கண்டுகொள்ளவே முடியாது.

2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோதே, யூனிகோடையும் அதோடு டேஸ்16 என்ற எழுத்துக் குறியீட்டு முறையையும் தரமாக ஏற்றுத் தமிழக அரசு ஆணையிட்டது. ஆனால் நோய் வேறு வடிவில் தொடர்கிறது. டிடிபி கடையில் பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு அப்படியே பிடிஎஃப் ஆகி இணையத்தில் ஏறுகிறது. கையெழுத்தும் முத்திரையும் போட்ட சுற்றறிக்கை, ஸ்கேன் செய்த படமாக ஏறுகிறது. விலைப்பட்டியலை அழகான போஸ்டராக வடிவமைத்து, அதையே தளத்தில் ஒட்டிவிடுகிறார் கடைக்காரர். படத்தில் உள்ள எழுத்தை ஓரளவு படிக்கத் தேடுபொறிகள் கற்றுவிட்டன என்றாலும், அதை நம்பித் தொழில் நடத்த முடியாது.

இதன் விளைவு அன்றாடம் கண்ணில் படுவது. சொட்டுநீர்ப் பாசன மானியத்துக்கு என்னென்ன ஆவணம் வேண்டும் என்று தமிழில் தேடும் விவசாயிக்கு முன்னால் வந்து நிற்பது, துறையின் ஆணையைப் பார்த்து எழுதிய ஏதோ ஒரு தனியார் தளம். சில நேரம் அது சரியாக இருக்கும், சில நேரம் போன ஆண்டு விதியாக இருக்கும். இங்கே தேவைப்படுவது எந்த ரகசிய வித்தையும் அல்ல. அந்த ஆணையை யூனிகோடில், தெளிவான தலைப்போடு, எழுத்தாகவே போட ஒரு ஆள்.

தொழில் செய்பவர்களும் இதைக் கவனிக்கலாம். நம்மவர்கள் தமிழிலும் தேடுகிறார்கள், ஆங்கிலத்திலும் தேடுகிறார்கள், தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தும் தேடுகிறார்கள். ஒரே ஊரைத் திருநெல்வேலி என்றும் நெல்லை என்றும் சொல்கிறார்கள். என்ன வேலை செய்கிறீர்கள், எந்தெந்தப் பகுதிக்கு வருவீர்கள், எத்தனை மணிக்குத் திறப்பீர்கள் என்பதை இரண்டு மொழியிலும் இயல்பான வாக்கியங்களில் எழுதினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஏஐ வந்த பிறகு

2024 ஆகஸ்டில் இந்தியாவில் கூகுள் தேடலின் மேற்பகுதியில் ஏஐ தொகுத்த பதில்கள் வரத் தொடங்கின; தமிழிலும் தரப்போவதாக அதே ஆண்டு அக்டோபரில் அறிவித்தார்கள். பதில் அங்கேயே கிடைத்துவிட்டால், கீழே உள்ள தளங்களுக்குப் போவானேன் என்று வாசகர் நினைப்பது இயல்பு. செய்தித் தளங்களுக்கும் சமையல் குறிப்பு எழுதுபவர்களுக்கும் இது நிஜமான அடி. ஆனால், ஏஐயிடம் கேட்டுக் குழாய் அடைப்பை யாரும் எடுத்துவிட முடியாது. பிளம்பருக்கு வாடிக்கையாளர் வந்தே ஆக வேண்டும்.

அந்தப் பதிலில் இடம்பிடிக்கத் தனியாக எந்தச் சிறப்பு ஏற்பாடும் தேவையில்லை, தேடலுக்குச் சொன்ன அடிப்படைகளே போதும் என்பது கூகுளின் நிலை. ஆகவே, பழைய சரக்குக்குப் புது லேபிள் ஒட்டி இரண்டு மடங்கு விலை கேட்பவரிடம், நேற்று செய்ததற்கும் இன்று செய்யப்போவதற்கும் என்ன வேறுபாடு என்று எழுத்தில் கேட்கலாம். இந்தப் பதில்களும் அப்பழுக்கற்றவை அல்ல. அமெரிக்காவில் அறிமுகமான 2024 மே மாதத்திலேயே, பீட்சாவில் சீஸ் நழுவாமல் இருக்கப் பசை சேர்க்கச் சொல்லி அது சிரிப்புக்கு ஆளானது. யாரோ எப்போதோ அடித்த கிண்டலை அது நம்பிவிட்டது.

தேடுகிறவர் தரப்பு

மேலே வந்தால் நம்பலாம் என்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான தவறான எண்ணம். வரிசை என்பது பொருத்தத்தின் கணிப்பு. நேர்மைக்கான சான்றிதழ் அல்ல. வங்கி, சமையல் எரிவாயு, கூரியர், விமான நிறுவனம் ஆகியவற்றின் 'கஸ்டமர் கேர்' எண்களைத் தேடுகிறவர்களைக் குறிவைத்து, போலி எண்களோடு பக்கங்களை உருவாக்கும் கும்பல்கள் நாடெங்கும் இயங்குகின்றன. பணம் போய்விட்ட பதற்றத்தில் தேடுகிறவர், முதலில் கண்ணில் பட்ட எண்ணை அழைக்கிறார். எதிர்முனையில் இருப்பவர் ஓடிபி கேட்கிறார். பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்கே போலித் தளங்கள் இருப்பதாக வெளியுறவு அமைச்சகம் எச்சரித்திருக்கிறது.

ரிவியூக்களும் அப்படியே. ஐந்து நட்சத்திரங்களை மொத்த விலைக்கு விற்கும் தொழில் எஸ்இஓ சந்தையின் பக்கத்துக் கடை. இணைய விமர்சனங்களுக்கென இந்திய தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐஎஸ் 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. விரும்பினால் பின்பற்றலாம் என்ற அளவிலேயே அது வந்தது. ஒரே வாரத்தில், ஒரே மாதிரி வாக்கியங்களில், முன்பின் வேறெங்கும் எழுதாத கணக்குகளிலிருந்து குவிந்த பாராட்டைப் பார்த்தால் ஒதுங்கிக்கொள்வது நல்லது.

என்ன செய்யலாம்?

தொழில் நடத்துபவர்களுக்கு முதல் யோசனை, வரிசையைப் பற்றியதே அல்ல, சாவியைப் பற்றியது. பலருடைய இணைய முகவரி, அதை உருவாக்கிக் கொடுத்தவரின் பெயரில் இருக்கிறது. கூகுள் மேப்பில் உள்ள கடையின் கணக்கு அவருடைய மின்னஞ்சலில் இருக்கிறது. மனஸ்தாபம் வந்து பிரியும் நாளில் கடையின் பெயர்ப்பலகையே அவர் கையில் இருக்கும். டொமைன், ஹோஸ்டிங், கூகுள் பிசினஸ் புரொஃபைல், சர்ச் கன்சோல் நான்கும் உரிமையாளரின் சொந்த மின்னஞ்சலில், சொந்தக் கைபேசி எண்ணில் இருக்க வேண்டும். வேலை செய்பவருக்கு நிர்வாக அனுமதி மட்டும் கொடுத்தால் போதும். இன்றே சரிபார்க்க வேண்டியது இது.

பிசினஸ் புரொஃபைலும் சர்ச் கன்சோலும் இலவசம். முன்னதில் சரியான முகவரி, நேரம், விடுமுறை நாள்கள், உண்மையான புகைப்படங்கள் ஆகியவற்றைப் போட ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். பின்னது, எந்தச் சொற்களைத் தேடி எத்தனை பேர் உங்கள் தளத்துக்கு வந்தார்கள் என்பதைக் காட்டும். அதைப் பார்க்கக் கற்றுக்கொண்டவரிடம் யாரும் 'ஸ்கிரீன்ஷாட்' விற்க முடியாது.

ஆள் வைத்துத்தான் செய்ய வேண்டும் என்றால், இடத்துக்கு விலை பேசாதீர்கள், வேலைக்குப் பேசுங்கள். எந்தப் பக்கங்களைத் திருத்துவீர்கள், கைபேசியில் தளம் மெதுவாகத் திறப்பதைச் சரிசெய்வீர்களா, என்னென்ன எழுதிப் போடுவீர்கள், வெளியே எங்காவது லிங்க் வாங்குவீர்களா என்று பட்டியல் கேளுங்கள். ரகசியம் என்று பதில் வந்தால் பேச்சை முடித்துக்கொள்ளலாம். மாத அறிக்கையில் வரிசை எண்களைவிட, அந்த மாதம் தளத்தின் வழியாக வந்த போன் அழைப்புகளும் விசாரிப்புகளும் எத்தனை என்பது இருக்கட்டும். ஓராண்டுக்கான தொகையை முன்பணமாகக் கேட்பவருக்கு மாதம் மாதம் தருவதாகச் சொல்லிப் பாருங்கள். பதிலிலேயே ஆள் தெரிந்துவிடும்.

வாசகர்கள் வங்கி எண்ணைத் தேடுபொறியில் தேடவே வேண்டாம். ஏடிஎம் அட்டையின் பின்பக்கத்திலும் பாஸ்புக்கிலும் வங்கியின் செயலியிலும் அது இருக்கிறது. அரசுச் சேவைக்குப் பணம் கட்டும் முன், முகவரி எந்தத் தளத்தில் முடிகிறது என்று பாருங்கள். பெரும்பாலான அரசுத் தளங்கள் 'ஜிஓவி.இன்' என்று முடியும். ஏமாந்துவிட்டால் 1930 என்ற எண்ணை உடனே அழைப்பது முக்கியம். பணம் கைமாறிப் போவதற்குள் தடுக்கும் வாய்ப்பு முதல் சில மணி நேரத்தில்தான் அதிகம்.

அரசுக்கும் வேலை இருக்கிறது. மாவட்டத் தொழில் மையங்கள் கடன் திட்டங்களுக்கு முகாம் நடத்துவதுபோல, டொமைன் யார் பெயரில் இருக்க வேண்டும், சர்ச் கன்சோலைப் பார்ப்பது எப்படி என்பதற்கும் அரை நாள் முகாம் நடத்தலாம். எஸ்இஓ சேவைக்கு ஒரு மாதிரி ஒப்பந்தத்தைத் தமிழில் தயாரித்து, வணிகர் சங்கங்கள் வழியே கொடுக்கலாம். சாவிகள் உரிமையாளருடையவை என்பதும், விலை லிங்க்கால் தளத்துக்குக் கேடு வந்தால் பொறுப்பு யாருடையது என்பதும் அதில் இருக்க வேண்டும். ஸ்கேன் செய்த படமாக எந்தத் தமிழ் ஆணையும் தனியாக ஏறக் கூடாது, யூனிகோடு எழுத்து வடிவமும் கூடவே ஏற வேண்டும் என்று ஒவ்வொரு துறைக்கும் கட்டாயமாக்கலாம். அதற்குப் புது ஆணைகூடத் தேவையில்லை. 2010இல் போட்டதை நடைமுறைப்படுத்தினால் போதும்.